பைலட்டின் முதல் பெயர்

ட்ரோன் ஓட்டும் லைசென்ஸுக்காக நான் முதன்முதலில் குழம்பி நின்ற இடம் வானம் இல்லை. ஆவடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டர். ஐப்பசி மழை வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. விண்ணப்பத்தில் முதல் கட்டம் முதல் பெயரைக் கேட்டது. இரண்டாவது கட்டம் கடைசிப் பெயரைக் கேட்டது. எனக்கு இருப்பதே ஒரு பெயர்தான். அதில் முதலுக்கும் கடைசிக்கும் நான் எங்கே போவேன்?

"இதுல இன்னாக்கா குழப்பம்?" என்றார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர். "இனிஷியல் முன்னாடிதானே வருது. அப்போ அதான் ஃபர்ஸ்ட் நேம். அத்த விரிச்சுப் போட்டுட்றேன். உங்க பேரு பின்னாடி வருது, அது லாஸ்ட் நேம். முடிஞ்சுது."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் ஆதாரில் என் இனிஷியல் என் கணவருடையது. ஆக, முதல் பெயர் என்ற கட்டத்தில் என் கணவர் பெயர் முழுசாகப் போய் உட்கார்ந்தது. கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் நான். "ஓகேவாக்கா?" என்றார். "ஓகே" என்றேன். அந்த ஒரு ஓகேயால் நான் பட்டதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

லைசென்ஸ் எனக்கு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். சேக்காட்டில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஸ்டுடியோ. பதினான்கு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். முன்பெல்லாம் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேசுவார்கள். இப்போது செருப்பைக் கழற்றும்போதே "ட்ரோன் உண்டுங்களா?" என்கிறார்கள். திருவேற்காட்டிலிருந்து ட்ரோன் வைத்திருக்கும் ஒருவரை அழைத்துக்கொண்டு போய்ச் சமாளித்து வந்தேன். அவரிடம் ட்ரோன் இருந்தது. பேப்பர் எதுவும் இல்லை. நானும் கேட்டதில்லை.

குமணன்சாவடி தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. ஆறு வருடமாக அங்கே நடக்கும் கல்யாணங்களுக்கு நான்தான் போட்டோகிராபர். என் வேலையில் பாதிக்கு மேல் அந்த மண்டபத்திலிருந்துதான் வரும். போன ஆவணியில் அங்கே மாப்பிள்ளை அழைப்பு நடந்துகொண்டிருந்தது. ட்ரோன் மேலே போன பத்தாவது நிமிடம் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். "யாரு ஓட்றது? லைசென்ஸ் எங்க?" என்றார்கள். திருவேற்காட்டுக்காரர் ட்ரோனை இறக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பந்திக் கூடத்துப் பின்பக்கமாக நழுவிவிட்டார். கழுத்தில் கேமராவோடு நான் மட்டும் நின்றேன். பெண்ணின் அப்பா, பட்டு வேட்டியும் சந்தனமுமாக, அந்தப் போலீஸ்காரர்களைப் பார்த்துக் கை கூப்பினார். என்னால் அவர் கை கூப்பினார். அந்த நிமிடம் எனக்கு உயிரே போய்விட்டது.

மறுநாள் மண்டபத்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "மேடம், கோச்சிக்காதீங்க. தை மாசம் முதல் முகூர்த்தத்துக்குள்ள பேப்பரோட வாங்க. உங்க பேருல லைசென்ஸ் இருக்கணும், வேற ஆளை இட்டாந்து நிக்க வச்சா நான் ஒத்துக்க மாட்டேன். இல்லன்னா வேற பார்ட்டி ரெடியா கீறாங்க."

உங்க பேருல என்றார். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பூந்தமல்லிக்கு அப்பால், ஏரிக்கரையைத் தாண்டி, ஒரு பெரிய மைதானத்தை வளைத்துப் பயிற்சி மையம் வைத்திருந்தார்கள். கார்த்திகையில் வகுப்பு. பன்னிரண்டு பேர். வயலுக்கு மருந்து தெளிக்கப் போகிறவர்கள், நிலம் அளப்பவர்கள், என்னைப்போல் கல்யாண வேலைக்காரர்கள் இரண்டு பேர். பெண் என்று பார்த்தால் நான் ஒருத்திதான். பயிற்சியாளர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், தென்காசிப் பக்கத்துக்காரர். சட்டை மடிப்புக் கலையாமல் நிற்பார்.

முதல் நாள் காலையில் வருகைப் பதிவு எடுத்தார். நாலாவதாக என் கணவர் பெயரைக் கூப்பிட்டார். நான் சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். இவர் எதற்கு இங்கே வந்தார், வீட்டுச் சாவியை நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேனா என்றுதான் நினைத்தேன். வாசலில் யாரும் இல்லை. பயிற்சியாளர் இன்னொரு முறை கூப்பிட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. "ஆப்சென்ட்" என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அதே பெயரில் இன்னொருவரும் படிக்க வந்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சிரத்தையாகக் குறிப்பெடுத்தேன்.

சாயங்காலம் கையெழுத்துப் போடப் போனால் என் பெயர் தனியாக எங்கேயும் இல்லை.

"ஏம்மா, இது நீங்களா?" என்று பதிவேட்டில் விரல் வைத்தார்.

"நான்தான் சார். ஆனா அது நான் இல்ல."

"வெளங்கலையே."

"பின்னாடி இருக்கிறதுதான் சார் நான். முன்னாடி இருக்கிறது எங்க வீட்டுக்காரர்."

"அவரும் படிக்க வாராரா?"

"இல்ல சார். அவர் அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்றாரு."

அவர் பேனாவை மூடி வைத்தார். பாவம், அவருக்கும் குழப்பம்தான். திருத்த வேண்டும் என்றால் திரும்ப முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், அடுத்த வகுப்பில்தான் இடம் கிடைக்கும் என்றார். அடுத்த வகுப்பு மாசியில். எனக்குத் தைக்குள் வேண்டும். "அப்பம் ஒண்ணும் செய்ய முடியாது. இந்தப் பேருக்கே பழகிக்கிடுங்க" என்றார்.

பழகிக்கொள்வது அவ்வளவு சுலபமா? பதினைந்து வருடத்தில் என் கணவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. பதிபக்தி, சாஸ்திரம் எல்லாம் ஒன்றும் கிடையாது. வீட்டில் நான் போடும் சண்டைக்குத் தெருவே சாட்சி. ஆனால் அந்தப் பெயர் மட்டும் நாக்கில் ஏறாது. ஆரம்பத்தில் கூச்சத்தால் சொல்லவில்லை, அப்புறம் சொல்லவில்லை என்பதாலேயே சொல்லவில்லை. பேங்கில் கேட்டால் பேனா வாங்கி எழுதிக் காட்டுவேன். ஆஸ்பத்திரியில் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பேன். அவரைத் தேடி போன் வந்தால், "அவரு இல்லீங்களே."

அப்படி நான் காத்து வைத்த பெயரை, திறந்த மைதானத்தில், ஆறு நாளும் ஒரு மனிதர் உரக்கக் கூவினார். உயரம் கூடிப்போனால் அந்தப் பெயர். பேட்டரியைச் சரியாக மாட்டாவிட்டால் அந்தப் பெயர். "என்ன, கனவு காணுதியளா?" என்று அதோடு சேர்த்து ஒரு திட்டு. என் கணவரை ஒருவர் இப்படித் திட்டிக் கேட்பது எனக்குப் புதிது. அவர் என்ன செய்தார் பாவம், லேத்தில் நின்றுகொண்டிருக்கிறார் என்று எனக்கு ஆத்திரம் வரும். அந்த ஆத்திரத்தில் ட்ரோன் இன்னும் கொஞ்சம் தாறுமாறாகப் போகும்.

விஷயத்தை வீட்டில் சொன்னேன். அவர் தட்டில் இருந்த தோசையைப் பிய்க்காமல் யோசித்தார்.

"அப்போ லைசென்ஸு யாருக்கு வரும்?"

"எனக்குத்தான்."

"பேரு?"

"ரெண்டு பேரோடதும்."

"நாளைக்கு ட்ரோனு எவன் தலையிலயாச்சும் உழுந்துச்சுன்னா, போலீசு யாரைத் தேடிக்கினு வரும்?"

சட்னிக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினேன். அவர் மிச்சத் தோசையைச் சாப்பிடாமலே கை கழுவினார்.

பெயர்க் குழப்பம் போதாதென்று மூன்றாம் நாள் இன்னொரு குழப்பம் வந்தது. ட்ரோனின் மூக்கு நமக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்கும் வரை ஒரு கஷ்டமும் இல்லை. ரிமோட்டில் இருக்கும் குச்சியை வலது பக்கம் தள்ளினால் வலது பக்கம் போகும். அது நம்மைப் பார்த்துத் திரும்பிவிட்டால் எல்லாம் தலைகீழ். வலது பக்கம் தள்ளினால் நம் இடது பக்கம் போகும். புத்தகத்தில் படித்தபோது புரிந்தது. கையில் குச்சி வந்தபோது புரியவில்லை. "ரைட்ல எடுங்க, ரைட்ல" என்று அவர் கூவ, என் வலது பக்கம் வரட்டும் என்று நான் குச்சியை இடது பக்கம் தள்ள, அது அப்படியே வந்து, சுற்றிக் கட்டியிருந்த வலையில் மோதி இறக்கை உடைந்தது.

"ஒங்க ரைட்டு இல்லம்மா. அதோட ரைட்டு" என்றார்.

யார் பெயர் என்றும் தெரியவில்லை, யார் வலது என்றும் தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். நாற்பத்தொரு வயதில், கூட இருக்கும் பதினொரு பேரும் நிலக்கடலை கொறித்துக்கொண்டு பார்க்க, அழுதேன். மண்டபம் கையை விட்டுப் போய்விட்டது என்றே முடிவு செய்தேன். அது போனால் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை லீவு. வீட்டில் பழகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று காட்டும் வரைபடத்தைப் போனில் திறந்தால் எங்கள் வீடு இருக்கும் இடம் சிவப்பு. எங்கள் தெரு சிவப்பு. ராணுவத் தொழிற்சாலைகள் இருக்கிற ஊர் அல்லவா, மொட்டைமாடியில் ஓர் அடி உயரம்கூடக் கிளப்பக் கூடாது. எனக்கு இது புதிதும் இல்லை. அப்பா தொழிற்சாலையில் பிட்டர். நான் வளர்ந்தது குவார்ட்டர்ஸில். பள்ளிக்கூடம் போகிற வழி முழுக்க மதில் சுவரில் 'படம் எடுக்கக் கூடாது' என்ற பலகைதான். நான் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் வாக்கியமே அதுவாக இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்து போட்டோகிராபர் ஆனவளுக்குக் குழப்பம் வராமல் வேறு என்ன வரும்?

கூடத்தின் நடுவே நின்று, கையில் இரண்டு சீப்புகளைக் குச்சி மாதிரி பிடித்துக்கொண்டு நான் முணுமுணுப்பதை என் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார்.

"நான் ட்ரோன்னு வச்சிக்கோ. சொல்லு, நடக்கறேன்."

முதுகைக் காட்டி நடந்தவரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. திரும்பி என்னைப் பார்த்து வரும்போது "ரைட்ல போங்க" என்றேன். அவர் அவருடைய வலது பக்கம் போனார். "ஐயோ, இந்தப் பக்கம்" என்றேன். அவர் பதறித் திரும்பி ஃபிரிட்ஜில் முட்டிக்கொண்டார்.

முழங்கையைத் தேய்த்தபடி சொன்னார். "யாரு ரைட்டுன்னு கரீட்டா சொல்லு. மேடையில நிக்க வச்சு மாப்பிள்ளைங்கள வேல வாங்குவியே, 'உங்க சோத்துக்கைய பொண்ணு தோள்ல போடுங்க'ன்னு. அந்த மாதிரி சொல்லேன். இப்போ நான்தானே ட்ரோனு? என் சோத்துக்கைய சொல்லு."

நான் சீப்பைக் கீழே போட்டுவிட்டேன்.

பதினான்கு வருடமாக நான் வலது இடது என்று யாரிடமும் சொன்னதே கிடையாது. எனக்கு எதிரே நிற்பவர்களிடம் அப்படிச் சொன்னால் நான்கில் மூன்று பேர் என் பக்கத்தைப் பார்த்துக் குழம்புவார்கள். சோத்துக்கை, பீச்சாங்கை என்றால் குழப்பமே வராது. சோறு சாப்பிடும் கை அவரவருக்குத் தெரியும். தாலி கட்டின கையோடு தலைசுற்றி நிற்கும் மாப்பிள்ளைகூடச் சரியாகத் திரும்புவார். ஆயிரம் பேரை அப்படித் திருப்பி நிறுத்தியிருக்கிறேன். அந்த இரும்புத் தும்பிக்கு மட்டும் சொல்லத் தெரியாமல் அழுதிருக்கிறேன்.

அன்று மதியம் வரைக்கும் அவரை ஓட்டினேன். சமையலறை வரைக்கும் போனார், திரும்பினார், என் முகத்தைப் பார்த்தபடியே எட்டுப் போட்டார். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, உங்க ஊட்டுக்காரருக்கு மந்திரிக்கறியா?" என்றார். "லைசென்ஸுக்குப் படிக்கறேன்க்கா" என்றேன். அந்த அக்காவையும் குழப்பியாயிற்று.

பரீட்சை நாளில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் "பேரு?" என்று கேட்டார். நான் ஆதார் அட்டையை நீட்டினேன். அவரே படித்துக்கொண்டார். ட்ரோனைக் கிளப்பினேன். மூக்கு என்னைப் பார்த்துத் திரும்பியபோது, கூடத்தில் லுங்கியோடு எதிரே வந்தவரை நினைத்துக்கொண்டேன். சோத்துக்கை, சோத்துக்கை, இப்போ பீச்சாங்கை, நில்லு. எட்டு முடிந்தது. கோட்டுக்குள் இறங்கியது. "என்னமோ வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டிருந்தீங்களே?" என்றார் தேர்வாளர். பயிற்சியாளர் முந்திக்கொண்டு, "அது அவங்க பேட்டை இங்கிலீஷு சார்" என்றார். ஆறு நாளில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மார்கழிக் கடைசியில் சான்றிதழ் போனுக்கு வந்தது. பைலட் என்று போட்டு, முதலில் அவர் பெயர், பின்னால் என் பெயர். அதே பிரவுசிங் சென்டரில் ஒரு பிரிண்ட் எடுத்தேன். மிஷினில் மை சரியில்லை. என் படம் இருந்த இடத்தில் கரித்துண்டு மாதிரி ஒரு கறுப்புக் கட்டம் விழுந்தது. பேர் தெரிகிறதே, போதும் என்று எடுத்துக்கொண்டேன். நான் எப்போதுதான் அங்கே சரியாக ஓகே சொல்லியிருக்கிறேன்?

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மண்டபத்துக்குப் போனோம். அவருக்குச் செகண்ட் ஷிப்ட், என்னைப் பைக்கில் கொண்டுவந்து விட்டார். மேனேஜர் பேப்பரைப் படித்தார். நிமிர்ந்து, கதவோரம் நின்ற என் கணவரைப் பார்த்தார்.

"வாங்க சார், உள்ள வாங்க. நீங்கதான் பைலட்டா? எவ்ளோ நாளா ஓட்டிக்கினு கீறீங்க?"

"நானா?" என்றார் அவர். "பைக்கு மட்டும்தான் சார்."

மேனேஜர் முகம் மாறியது. என் பக்கம் திரும்பினார். "மேடம், நான் அன்னிக்கே சொன்னேன். வேற ஆள் பேருல கொண்டாந்தா ஒத்துக்க மாட்டேன்னு. இது ஆம்பள பேரா கீது. போட்டோவுல யாருன்னே தெரியல."

"நான்தான் சார் அது. முன்னாடி இருக்கிறது அவர் பேரு, பின்னாடி என் பேரு. விண்ணப்பத்துல அப்படி ஏறிடுச்சு."

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? போலீசு வந்து பைலட் யாருன்னு கேட்டா இவங்கதான்னு நான் கை காட்டணும். அவங்க பேரு கேட்டா நீங்க இன்னா சொல்லுவீங்க? அத்த இப்போ சொல்லுங்க, கேப்போம்."

ஆதார் என் பையில் இருந்தது. கை பைக்குள் போய்விட்டது. அப்புறம் நிறுத்திக்கொண்டேன். ஆவணியில் இதே மண்டபத்தில் ஒரு மனிதர் எனக்காகக் கை கூப்பி நின்றது ஞாபகம் வந்தது. போலீஸ்காரர் முன்னாலும் பையைத் துழாவிக்கொண்டு நிற்கப் போகிறேனா? அட்டையை நீட்டி அட்டையை நீட்டியே காலம் தள்ளிவிட்டேன் என்று என் மேலேயே வெறுப்பு வந்தது.

என் கணவர் பெயரைச் சொன்னேன். நிறுத்தாமல் அதோடு சேர்த்து என் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு ஒட்டிக்கொண்டு நடுவில் ஒரு மூச்சு நின்றுவிட்டது.

"இன்னா?" என்று பின்னால் இருந்து குரல் வந்தது. "கூப்ட்டியா?"

திரும்பிப் பார்த்தேன். அவர் ஓரடி முன்னால் வந்து நின்றிருந்தார். பதினைந்து வருடமாகக் காத்திருந்தது போல அவ்வளவு சட்டென்று வந்துவிட்டார்.

"உங்களைக் கூப்பிடலைங்க" என்றேன். "என் பேரைச் சொல்றேன்."

மேனேஜர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இந்தத் தடவை மூச்சு விடாமல் முழுசாகச் சொன்னேன். அவர் பெரிய நோட்டைத் திறந்து, தை முதல் முகூர்த்தத்துக்கு நேரே, நான் சொன்னபடியே இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில், குமணன்சாவடி சிக்னலில் வண்டி நின்றது. அவர் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினார்.

"இன்னொரு தபா சொல்லேன்."

"எதை?"

"அதான். பேரை."

"பேப்பர்ல இருக்கு, படிச்சுக்கோங்க" என்றேன்.

சிக்னல் விழுந்து, லாரிகளெல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்துக் கிளம்பின. அந்தச் சத்தத்தில் கேட்காது என்ற தைரியத்தில், அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தபடி, மெல்ல ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். என் பெயரைச் சேர்க்காமல், அவர் பெயரை மட்டும்.

"இன்னா?" என்றார்.